வாஸ்கோவின் கப்பலில் பதினெட்டாவது சாவு

நான் இதுவரை பதினெட்டுத் தடவை செத்திருக்கிறேன். எல்லாம் இந்திப் படங்களில். வெள்ளத்தில் செத்திருக்கிறேன், ரயில் விபத்தில் செத்திருக்கிறேன், மூன்று யுத்தங்களில் இரண்டு பக்கத்துக்கும் செத்திருக்கிறேன். ஒரு படத்தில் காலையில் போலீஸாகச் செத்து, மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் திருடனாகச் செத்தேன். சும்மா படுத்துக் கிடக்கிற வேலைதானே என்று சொல்கிறவர்கள், மூக்கில் ஈ உட்கார்ந்திருக்கும்போது பத்து நிமிஷம் அசையாமல் கிடந்து பார்க்கட்டும். அப்புறம் பேசலாம்.

என் பெயர் பூதத்தான். தாராவியில் தொண்ணூறு அடி ரோட்டுக்குப் பின்னால் வீடு. ஷூட்டிங் இல்லாத நாள்களில் பை தைக்கிற பட்டறையில் ஜிப் வைப்பேன். படங்களுக்குக் கூட்டம் சேர்த்துக் கொடுக்கிற சப்ளையர் சாய்நாத் போன் போட்டால் பட்டறையில் சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவேன். "பூதா, டெட் பாடி ஹை, ஆயேகா க்யா?" என்பான். பிணவேஷம் இருக்கிறது, வருகிறாயா என்று அர்த்தம். இருபது வருஷமாக அவன் என்னிடம் பேசுவது இந்த ஒரு வாக்கியம்தான்.

இந்தத் தொழிலில் ஒரு விதி உண்டு. பிணமாக நடித்தவன் கேமராவைப் பார்த்து ஒரு தடவை சிரித்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் நடித்தது பலித்துவிடும். சென்னைப் பக்கம் கேமராமேனே "அண்ணே, சிரிச்சிருங்க" என்று கேட்டு அதையும் எடுத்துக்கொள்வாராம். பம்பாயில் அந்த ஒழுங்கெல்லாம் கிடையாது. கட் சொன்ன அடுத்த நொடியே கேமராவை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறார்கள். அணைந்த கேமராவைப் பார்த்துச் சிரித்தால் செல்லாது என்பது என் மனைவி கோமதியம்மாளின் தீர்ப்பு. அவள் ஒரு ஷூட்டிங்கைக்கூடக் கண்ணால் பார்த்தவள் இல்லை.

பிணவேஷம் முடிந்து நான் வந்தால் வாசலிலேயே நிறுத்திவிடுவாள்.

"சிரிச்சியளா?"

"சிரிச்சேன்."

"கேமரா ஓடிட்டு இருந்துச்சா?"

"இருந்துச்சுன்னேன்லா."

அப்புறம்தான் உள்ளே விடுவாள். ஒரே ஒரு தடவை பொய் சொன்னேன். அந்த வாரமே டெங்கு வந்து பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அந்த வருஷம் எங்கள் சந்தில் வீட்டுக்கு ஒருவருக்கு டெங்கு வந்தது. அதைச் சொன்னால் கோமதி காதில் வாங்க மாட்டாள். அதனால் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். பிணத்தின் முகத்தைக் காட்டிவிட்டு கேமரா மெல்ல விலகி வேறு பக்கம் போகும். அப்போது அது ஓடிக்கொண்டும் இருக்கும், என்னைப் பார்க்கவும் பார்க்காது. அந்த இடைவெளியில் சிரித்து முடித்துவிடுவேன். அதற்கப்புறம் எந்தச் சாவிலும் ஒருத்தரும் கண்டுபிடிக்கவில்லை.

பதினெட்டாவதுதான் வாஸ்கோ படம்.

வாஸ்கோடகாமா கப்பலேறி இந்தியாவுக்கு வந்த கதை. முன்னூறு கோடி என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். டிராம்பே பக்கம் ஒரு பழைய கிடங்கை வாடகைக்குப் பிடித்து, உள்ளே முழுக் கப்பலே கட்டியிருந்தார்கள். கீழே மெஷின் வைத்து ஆட்டினால் கப்பல் நிஜமாகவே ஆடும். நிஜமாகவே வாந்தி வரும். ஜன்னல் வழியாகப் பார்த்தால் பத்தடி தூரத்தில் அசல் கடல் சும்மா கிடந்தது. அதை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தாராவிக்காரனுக்கும் போர்த்துக்கீசியக் கப்பலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். பயணத்தில் பாதிப் பேர் பல்லீறு வீங்கி, தோல் கறுத்துச் செத்தார்களாம். அதனால் உயிரோடு இருக்கிற மாலுமிகளுக்குக் கொலாபாவில் சுற்றுகிற வெள்ளைக்காரர்களைப் பிடித்தார்கள். சாகிற மாலுமிகளுக்கு எங்களைப் பிடித்தார்கள். மேக்கப் செலவு மிச்சம். எலுமிச்சம்பழம் மாதிரிப் புளிப்பான பழம் தின்னக் கிடைக்காமல்தான் அந்த நோய் வந்தது என்று உதவி டைரக்டர் எங்களை உட்காரவைத்துப் பாடம் நடத்தினார். பாடம் முடிந்ததும் எல்லாருக்கும் எலுமிச்சை சர்பத் கொடுத்தார்கள். குடித்துவிட்டுப் போய்ச் செத்தோம்.

எனக்குக் கிடைத்தது பெரிய சாவு. வாஸ்கோவின் உயிர் நண்பன் நான். பலகையில் கிடத்தி, கழுத்துவரை பாய்த்துணி சுற்றி, முகத்தைத் திறந்து வைத்திருந்தார்கள். ஹீரோ என் பக்கத்தில் மண்டியிட்டு நான்கு நிமிஷம் அழ வேண்டும். பிறகு பலகையைச் சாய்ப்பார்கள், நான் கடலில் விழ வேண்டும். கடல் என்பது நீல மெத்தை. ஹீரோவுக்குக் கண்ணீர் வரவில்லை. பதின்மூன்று டேக் போனது. பதினான்காவது டேக்கில் அவர் முழங்கால் ஒரு ஆணியில் பட்டு, நல்ல கண்ணீர் வந்தது. இதுதான் கடைசி டேக் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கேமரா என் முகத்தை விட்டு மேலே ஏறுகிற சத்தம் கேட்டது. ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். பாய்மர உச்சிக்குப் போய்விட்டது. இன்னொரு கண்ணையும் திறந்து, இருக்கிற பல்லெல்லாம் தெரியச் சிரித்துவிட்டு, மூடிக்கொண்டேன்.

மேலே போகிற கேமரா கீழே பார்த்துக்கொண்டே போகும் என்று யார் கண்டது? அந்த உயரத்திலிருந்து எறும்பின் மீசையைக்கூட எடுக்கிற கேமராவாம் அது.

அங்கே இருந்த முன்னூறு பேரும் ஹீரோவின் கண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். டைரக்டரும் அதைத்தான் பார்த்தார். எடிட்டரும் அதைத்தான் பார்த்தார். செத்தவனை எவன் பார்க்கிறான்?

வாஸ்கோ போய்த் திரும்பவே இரண்டு வருஷம் சில்லறைதான் ஆயிற்றாம். இவர்கள் படத்தை முடிக்க மூன்று வருஷம் எடுத்துக்கொண்டார்கள். அதற்குள் என் மகள் ஷாலினிக்கு வரன் அமைந்துவிட்டது. சயானில் ஒரு பல் டாக்டரிடம் ரிசப்ஷனில் இருக்கிறாள். மாப்பிள்ளை பேச்சிராஜா சான்பாடாக்காரர், அங்கேயே ஒரு கம்பெனியில் வேலை. இரண்டு பேருக்கும் ஒருத்தரையொருத்தர் பிடித்துப்போய், வீட்டில் சொல்லி, பரிசமும் போட்டாயிற்று. அவருடைய அப்பா சுரேந்திரனுக்கு வாஷி மார்க்கெட்டில் மிளகாய் வத்தல் வியாபாரம். தங்கமான மனுஷன். அம்மா பானுமதியும் தங்கம்தான். ஆனால் சகுனம் பார்க்கிற தங்கம். போன வருஷம் மகனுக்கு வேறொரு பெண்ணை நிச்சயம் பண்ணக் கிளம்பி, மான்குர்த் சிக்னலில் ஒரு பாடை குறுக்கே போனதென்று காரை அப்படியே திருப்பிக்கொண்டு வந்துவிட்டவள். அந்தப் பெண்ணுக்கு இப்போது பாண்டுப்பில் கல்யாணமாகிவிட்டது.

இவர்களிடம் கோமதி என்னைப் பற்றி ஒரு வரி சொல்லியிருந்தாள். "அவுக படத்துல நடிக்காக." பொய் இல்லை. என்னவாக நடிக்கிறேன் என்று அவர்கள் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை.

கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது படம் வெள்ளிக்கிழமை வருகிறது என்று போஸ்டர் ஒட்டினார்கள். அன்றைக்கே சுரேந்திரன் போன் பண்ணினார்.

"அண்ணாச்சி, ஞாயித்துக்கெழம பன்னெண்டு டிக்கெட் போட்டுட்டேன். ரெண்டு குடும்பமும் சேந்து போறோம். வாஸ்கோ ஆளுங்கதானாமே நம்ம நாட்டுக்கு வத்தலையே கொண்டாந்தது? நம்ம தொழிலுக்கு மொத மொதலாளி அவருல்லா. அதுல நீங்க வேற நடிச்சிருக்கிய."

வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்ட கதை. கோமதி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"தாலி கட்டுததுக்குப் பத்து நாளு இருக்கையில பொண்ணுக்குத் தகப்பன் செத்துக் கெடக்கத அந்தம்மா கண்ணால பாக்கணுமா? பாடை குறுக்க போனதுக்கே கல்யாணத்த நிறுத்துனவ. நீங்க நேருக்கு நேரால்லா கெடக்கிய!"

"அது நடிப்புளா."

"நடிப்போ என்னமோ, மூஞ்சி ஒங்க மூஞ்சிதான?"

என் மூஞ்சிதான்.

ஷாலினி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்தப் பையன் மேல் உயிர். கல்யாணம் நின்றால் தாங்க மாட்டாள். டிக்கெட்டை வேறு படத்துக்கு மாற்றலாமா என்று சுரேந்திரனைக் கேட்டுப் பார்த்தேன். "வெக்கப்படாதிய அண்ணாச்சி" என்றார்.

வெள்ளிக்கிழமை படம் வந்தது. மத்தியானம் பட்டறைக்கு ஷாலினி ஓடி வந்தாள், கையில் போன்.

"அப்பா, யே தேக்கோ, இதப் பாரு! நீ சிரிக்க!"

பாண்டுப்பில் யாரோ ஒருத்தன் தியேட்டரில் உட்கார்ந்து எடுத்துப் போட்டிருக்கிறான். ஹீரோ அழுகிறார். பாட்டு உருகுகிறது. கேமரா மேலே போகிறது. பலகையில் கிடக்கிற பிணம் கண்ணைத் திறந்து ஈ என்று இளிக்கிறது, மூடிக்கொள்கிறது. கீழே இந்தியில் 'சிரிக்கும் பிணம்' என்று எழுதியிருந்தது. பத்து லட்சம் பேர் பார்த்துவிட்டார்களாம். சாயங்காலத்துக்குள் எங்கள் சந்தில் எல்லார் போனிலும் நான் சிரித்துக்கொண்டிருந்தேன். ஷாலினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பட்டறை முதலாளியும் சிரித்தார். எனக்கு மானம் போயிற்று. இருபது வருஷத் தொழில். ஒரு பிணத்தை ஒழுங்காகச் செய்யத் தெரியாதவன் என்றல்லவா ஊர் பேசும்?

கோமதி மட்டும் சிரிக்கவில்லை. போனை வாங்கி நான்கு தடவை பார்த்தாள். பிறகு நேரே சாமி படத்துக்கு முன்னால் போய் விளக்கேற்றினாள்.

"தாயே, காப்பாத்திட்ட! சாவும் படத்துல இருக்கு, சிரிப்பும் படத்துல இருக்கு. அப்பறம் என்ன தோஷம்? சம்பந்தியம்மா நம்ம பக்கத்து ஆளு. அவளுக்குப் புரியும்."

யோசித்துப் பார்த்தால் சரியாகத்தான் பட்டது. நாடே என்னைப் பார்த்துக் காறித் துப்பினாலும் பரவாயில்லை, பானுமதி ஒருத்திக்குப் புரிந்தால் போதும். அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

சனிக்கிழமை காலையில் சாய்நாத் கூப்பிட்டான். முதல்முறையாக வேறு வாக்கியம் பேசினான். அதை இங்கே எழுத முடியாது. திட்டி முடித்துவிட்டுச் சொன்னான், இனிமேல் எந்த செட்டிலும் நான் கால் வைக்கக் கூடாதாம். சிரிப்பைக் கம்ப்யூட்டரில் அழித்துக்கொண்டிருக்கிறார்களாம். அன்று சாயங்காலத்திலிருந்து எல்லாத் தியேட்டரிலும் புதுக் காப்பிதான்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சுரேந்திரனுக்குப் போன் போட்டேன். இன்றைக்கு மத்தியானக் காட்சிக்கே போய்விடலாமா என்றேன். பக்கத்திலிருந்து பானுமதி குரல் கேட்டது. "சனிக்கெழமையா? வேண்டாம்ணே, அது ஆவாது."

பிறகு பஸ் பிடித்து செம்பூரில் சாய்நாத் ஆபீசுக்குப் போனேன். அவன் வடாபாவ் தின்றுகொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னேன். பெண் கல்யாணம், சம்பந்தி, சகுனம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரைக்கும் ஒரே ஒரு தியேட்டரில் சிரிப்பை விட்டுவைத்தால் போதும், வாஷி தியேட்டர் மட்டும். பாதி தமிழும் பாதி இந்தியுமாகக் கெஞ்சினேன். கையெடுத்துக்கூடக் கும்பிட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது.

அவன் கடைசி வாயை மென்று முடித்தான். "ஷாதி ஹை? முபாரக் ஹோ" என்று கல்யாணத்துக்கு வாழ்த்துச் சொன்னான். கையைத் துடைத்துக்கொண்டான். "முன்னூறு கோடி படம், பூதா. மரா ஹை தோ மரா ரஹ்."

செத்தவன் செத்தவனாகவே இரு என்று அர்த்தம்.

ஞாயிற்றுக்கிழமை வாஷி மாலில் பன்னிரண்டு பேர் ஒரே வரிசையில் உட்கார்ந்தோம். நடுவில் பானுமதி, பட்டுச்சேலை. அவளுக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளை, அப்புறம் ஷாலினி. நான் கோமதியோடு ஓரத்தில். புதுக் காப்பி வாஷிக்கு இன்னும் வந்திருக்காது என்று கோமதி காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். அரசாங்க வேலையா, தாமதமாக வருவதற்கு? வாஸ்கோ லிஸ்பனில் ராஜா முன்னால் மண்டியிட்டார். கப்பல் கிளம்பியது. புயல் அடித்தது. சுரேந்திரன் குனிந்து என்னைக் கேட்டார், "வத்தல் எப்ப வரும்?"

"இடைவேளைக்குப் பொறவு இருக்கும்" என்றேன். எனக்கு எப்படித் தெரியும்?

ஆட்கள் பல்லீறு வீங்கிச் சாக ஆரம்பித்தார்கள். பிறகு நான் வந்தேன். இருபது வருஷத்தில் என் முகம் அவ்வளவு பெரிதாக எந்தத் திரையிலும் வந்ததில்லை. என் வீட்டைவிடப் பெரிதாக இருந்தது. உதடு வெடித்து, கன்னம் ஒட்டி, தாடி உப்புப் பூத்து, நான் பலகையில் கிடந்தேன். ஹீரோ அழுதார். கேமரா மேலே ஏறியது. கோமதி என் தொடையில் நகத்தைப் பதித்தாள்.

நான் சிரிக்கவில்லை.

சுத்தமாக அழித்திருந்தார்கள். இமைகூட ஆடவில்லை. அப்படியே செத்துக் கிடந்தேன். என் வாயால் சொல்லக் கூடாது, ஆனால் அவ்வளவு அருமையான சாவு. பானுமதி "ஐயோ" என்று சேலைத் தலைப்பை எடுத்து வாயில் வைத்தாள். மெதுவாக நகர்ந்து எழுந்திருக்கப் போனாள். கார் திரும்பிய மான்குர்த் சிக்னல் என் கண்ணில் ஓடியது.

"எந்திரிங்க" என்று கோமதி என் விலாவில் இடித்தாள். "எந்திரிச்சுச் சிரிங்க!"

எழுந்தேன். வரிசைக்கு முன்னால் வந்து, திரைக்கு முதுகைக் காட்டி, பானுமதிக்கு நேராக நின்றேன். வெளிச்சம் என் சட்டையில் விழுந்தது. பின்னாலிருந்து, "ஏ அங்கிள், பைட்டோ நா!" என்று உட்காரச் சொல்லிக் கத்தினார்கள். நான் சிரித்தேன். இருக்கிற பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன். பானுமதி பாதி எழுந்தபடியே என்னைப் பார்த்தாள். சுரேந்திரன் பார்த்தார். ஒருத்தர் முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை.

அப்போது ஒரு அழுகைச் சத்தம். ஷாலினி.

அவள் என்னைப் பார்க்கவில்லை. என்னைத் தாண்டித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் முதுகுக்குப் பின்னால் பலகையைச் சாய்த்திருக்கிறார்கள் போல, கனமாக ஏதோ தண்ணீரில் விழுகிற சத்தம் கேட்டது. "அப்பா" என்று அலறினாள். தியேட்டரே திரும்பிப் பார்த்தது. நான் சிரிக்காமல் செத்துக் கிடந்ததை அவள் அதுவரை பார்த்ததே இல்லை. பிணவேஷப் படம் எதற்கும் கோமதி அவளைக் கூட்டிப்போனதில்லை. வெள்ளிக்கிழமை வயிறு வலிக்கச் சிரித்தவள், இப்போது ஏங்கி ஏங்கி அழுதாள்.

"ஏளா, இங்கன நிக்கேன் பாரு" என்றேன். பல்லெல்லாம் இன்னும் வெளியே இருந்தது. அதை எப்படி மூடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

"தெரியுதுப்பா. நிக்கது தெரியுது. அழுக வருது, நான் என்ன பண்ண?"

பானுமதி முழுதாக எழுந்துவிட்டாள். வெளியே போகிறாள் என்றுதான் நினைத்தேன். என் உயிர் அந்த நிமிஷம் என்னிடம் இல்லை. அவள் மகனின் முழங்காலைத் தாண்டினாள். பாப்கார்ன் முழுதும் மாப்பிள்ளை மடியில் கொட்டியது. ஷாலினியை இழுத்து மாரோடு அணைத்துக்கொண்டாள்.

"அழாத மக்கா. அழாத. ஒங்கப்பா கல்லு மாதிரி நிக்காரு பாரு."

பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, சிரிச்சது போதும். இங்க வாங்க."

போனேன்.

"எம் மருமவ இப்படி அழுகத என்னால பாக்க முடியாது. அடுத்த வியாழக்கெழம தாலி கட்டுன பொறவு நீங்க ஒரு படத்துலயும் சாவப்படாது. கேட்டியளா?"

"சரிம்மா."

"வாய்ச்சொல்லு பத்தாது. பிள்ள தலையில கை வச்சுச் சொல்லுங்க."

இருட்டில் தடவி ஷாலினியின் தலையில் கை வைத்தேன். விசும்பலில் தலை குலுங்கிக்கொண்டிருந்தது. பதினெட்டுத் தடவை செத்தும் என்னிடம் இப்படி யாரும் கேட்டதில்லை.

"இனிமே சாவ மாட்டேன்" என்றேன்.

பின்வரிசையில் யாரோ உஷ் என்றார்கள்.